ஒற்றைக் கடுக்கன்

செத்துப்போன அம்மாவுக்கு என்ன பெயர் என்று அஞ்சலாட்சி காலையிலேயே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"பார்வதி" என்றாள் ராஜாம்பாள்.

"எந்த ஊரு?"

"காரைக்கால்."

"எப்பிடி செத்தா?"

"சொரம் வந்து."

"யாரோ ஊட்டு ஆடு செத்த மாதிரி சொல்ற பாரு. கொஞ்சம் தலைய குனிஞ்சிக்கிட்டு சொல்லு."

ராஜாம்பாள் தலையைக் குனிந்து இன்னொரு முறை சொன்னாள். பெரியம்மாவுக்குத் திருப்தி. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்த வீட்டின் கதை தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு நாலு வரி போதும். மில்லில் வேலை கிடைக்காமல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன் வடிவேல். முதலியார்பேட்டையில் அவனை இன்றைக்கும் 'சொல்தா வடிவேல்' என்றால்தான் தெரியும். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். போன இடம் ஹனோய். தெருக்காரர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே சைகோன்தான். அங்கே லியென் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதை அண்ணன் கோவிந்தசாமிக்கு மட்டும் சொன்னான். அண்ணன் தன் பெண்டாட்டி அஞ்சலாட்சியையும் பெண்ணையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் பிரெஞ்சுக்காரன் அங்கே தோற்று ஹனோயைக் காலி செய்தான். சிப்பாய்களின் பிள்ளைகளைக் கப்பலேற்றினார்கள். பதினோரு வயது ராஜாம்பாளும் ஐந்து வயது அரிகிருஷ்ணனும், அங்கிருந்த புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் துணையோடு மார்கழியில் இங்கே வந்து இறங்கினார்கள். லியென் வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை விட்டு வர முடியாது, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று ஹைஃபோங் துறைமுகத்தில் நின்றுவிட்டாள். வடிவேலின் பட்டாளம் இன்னும் அந்த ஊரில்தான் இருந்தது. கோடைக்குள் அதையும் விட்டுக் கிளம்பவேண்டும் என்று பேச்சு. அதற்குள் லியென் கப்பலேறினால் உண்டு.

ஆக, அம்மா உயிரோடு இருந்தாள். தெருவில் மட்டும் செத்துப்போயிருந்தாள்.

அவளைச் சாகடித்தது அஞ்சலாட்சி. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அவள் பெண் சந்திரகலாவுக்குக் கதிர்காமத்தில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மின்சார பூரோவில் ஆபீஸ் வேலை. மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் முதல் தடவை வந்தபோது, வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணனைப் பார்த்து யார் பிள்ளை என்று கேட்டாள். கொழுந்தன் பிள்ளை, தாய் காரைக்கால், பாவம் கப்பலேறும் முன்னே செத்துவிட்டாள் என்று வாயில் வந்ததைச் சொன்னாள் அஞ்சலாட்சி. "அஞ்சி வயசாவுது, இன்னும் காது குத்தலியா? தாய்மாமன் ஒருத்தனும் இல்லியா?" என்றாள் மணியம்மாள். "ஏன் இல்லாம? மாசியில குத்தறோம். நீங்களும் வரணும்" என்றாள் அஞ்சலாட்சி. பொய் இப்படித்தான் சோறு கேட்கும். ஒரு உருண்டையோடு விடாது.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். மாமனுக்கு எங்கே போவது? கோவிந்தசாமியோடு மில்லில் வேலை செய்யும் முருகையனுக்குக் காரைக்கால் பக்கம். அவன் ஒத்துக்கொண்டான். சீர்த்தட்டு முதற்கொண்டு அஞ்சலாட்சியே வாங்கி முந்தின நாளே அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அந்த மாசி மாத நாள்தான் இன்றைக்கு.

கூடத்தின் மூலையில் சந்திரகலா ராஜாம்பாளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு மைய தடிமனா வைடி. கண்ணு பெருசா தெரியட்டும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

சந்திரகலா மை வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு நாள் சமாளிச்சிடு கண்ணு. எனக்கு அவர புடிச்சிருக்கு. அன்னிக்கு பொண்ணு பாக்க வந்தவரு ஒரு தடவகூட நிமுந்து பாக்கல. காப்பிய மட்டும் மூணு தடவ ஊதினாரு. அது ஆறியே போயிருந்திச்சி" என்று சிரித்தாள்.

ராஜாம்பாளும் சிரித்தாள். வந்த நாளிலிருந்து தன் பாயில் பாதியைக் கொடுத்தவள் சந்திரகலா. தம்பி படுக்கையை நனைத்தால் விடிவதற்குள் துவைத்துப்போட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருந்தவள்.

"கல்யாணம் எப்பக்கா?"

"வைகாசியில வெப்பாங்க."

கோடைக்குள் கப்பல். வைகாசியில் கல்யாணம். ராஜாம்பாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கிணற்றடியில் கோவிந்தசாமி குளித்துக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள்.

"பெரியப்பா, எங்கம்மா வந்தா?"

"வந்தா வரட்டும்."

"செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கீங்களே. தெருவுல இன்னா சொல்லுவீங்க?"

அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். "சைகோன்ல உங்கள பாத்துக்கிட்ட வேலைக்காரம்மான்னு சொல்லிக்கலாம். இங்கியே இருக்கலாம், திங்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நாங்க அவங்கள எப்பிடி கூப்புடறது?"

கோவிந்தசாமி வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அது தண்ணீரைத் தொடும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "போம்மா, போய் தம்பிய பாரு" என்றார்.

அரிகிருஷ்ணனைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் மொட்டையடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தலையெல்லாம் சந்தனம். முடி இருந்தவரை முகத்தை அது கொஞ்சம் மறைத்திருந்தது. இப்போது அகன்ற கன்னமும் கீறி விட்டதுபோன்ற கண்ணுமாக, லியெனே குட்டையாகி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தான். அஞ்சலாட்சி ஒரு தரம் பார்த்துவிட்டு, "பட்டுத் துண்ட தலையில சுத்துங்கடி" என்றாள்.

முருகையன் சீர்த்தட்டோடு வந்தான். புது வேட்டி மொடமொடவென்று நின்றது.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கா?"

"அண்ணேங்காத" என்று அஞ்சலாட்சி பாய்ந்தாள். "மில்லுலதான் அண்ணன். இன்னிக்கு மாமா. உன் தங்கச்சிய கட்டுனவனுக்கு அண்ணன்டா இவரு."

"மாமா, மாமா, மாமா" என்று முருகையன் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "வாயில நிக்க மாட்டேங்குது அண்ணி."

"நானும் இன்னிக்கு அண்ணி இல்ல, அக்கா!"

மணியம்மாள் இரண்டு பெண்களோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கனத்த உடம்பு, கனத்த மூக்குத்தி. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டின் ஓடு வரைக்கும் எண்ணிவிடுகிற கண்.

"வாங்க அண்ணி, வாங்க" என்று அஞ்சலாட்சி பாயை உதறிப் போட்டாள்.

"தாய்மாமன் இவருதானா?"

"ஆமா, இவருதான்."

"காரைக்கால்ல எந்தப் பக்கம்?"

"திருநள்ளாறு பக்கம்" என்றான் முருகையன். அதில் மட்டும் பொய் இல்லை. அதனால் தைரியம் வந்து, "அண்ணே, பத்தர கூப்புடலாமா?" என்றான்.

மணியம்மாள் கோவிந்தசாமியைப் பார்த்தாள், முருகையனைப் பார்த்தாள். "மொறையே மாறிப்போச்சே" என்றாள் சிரித்துக்கொண்டு.

"ஒரே மில்லுல வேலைங்க. பழகிப்போச்சி" என்றார் கோவிந்தசாமி.

பத்தர் வந்து துணியை விரித்தார். தங்கக் கம்பி, ஊசி, கிண்ணத்தில் மஞ்சள். முருகையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். வாயில் ஒரு வெல்லக் கட்டியைத் திணித்தார்கள். "அந்தா பாரு காக்கா" என்றார் பத்தர். அரிகிருஷ்ணன் காக்காயைப் பார்த்தான். வலது காதில் ஊசி இறங்கியது.

அவன் போட்ட கூச்சலில் வெல்லம் வெளியே வந்து விழுந்தது. "கவ்! கவ்!" என்று கத்தினான். "கவ் லாம்!"

கூடத்தில் சிரித்தார்கள். "இன்னா சொல்றான்?" என்று கேட்டாள் வந்தவர்களில் ஒருத்தி.

"வலிக்குதுங்கறான். சைகோன் பாஷை" என்றாள் அஞ்சலாட்சி.

ராஜாம்பாளுக்குத் தெரியும். அந்தப் பாஷையிலும் அம்மாவின் அண்ணன் தம்பிக்கென்று தனியாக ஒரு சொல் உண்டு. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு அவன் தாய்மாமனைக் கூப்பிட்டான்.

லாம் மாமா. அம்மாவின் கிராமத்திலிருந்து அவர்களைக் கூட்டிவந்தது அவர்தான். ரோட்டில் கண்ணிவெடி என்பதால் நெல் வயல் வரப்பிலேயே நடந்தார்கள். அரி அவர் தோள்மேல் உட்கார்ந்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு மாட்டை ஓட்டுவதுபோல் ஓட்டினான். அப்பாவின் லாரி நின்ற இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் மாமா நின்றுவிட்டார். அப்பாவின் பட்டாளத்தைச் சுடுகிறவர்களோடு சேர்ந்தவர் அவர். பிள்ளையை இறக்கிவிட்டு, லாரிப் பக்கம் பார்க்காமல், வந்த வரப்பிலேயே திரும்பிப் போனார். இதை வெளியே சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் சொன்னதில்லை.

"இந்தப் பக்கம் திருப்புங்க. நல்ல நேரம் போவுது" என்றார் பத்தர்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மணியம்மாள்.

பத்தரின் கை நின்றது.

"எனக்கு ஒண்ணு மட்டும் மனசுல நெருடுது. அன்னிக்கு கேக்கணும்னு நெனச்சேன், விட்டுப்போச்சி. தாய்க்காரி செத்தது எப்போ?"

"பொரட்டாசியில" என்றாள் அஞ்சலாட்சி. கேட்டவுடன் சொல்லிவிடும்படி பழகி வைத்திருந்த பதில்.

"பொரட்டாசின்னா வருசம் திரும்பலியே. தலை தெவசம் ஆவாம புள்ளைக்கு காது குத்துறீங்களே, அதெப்பிடி? பொறந்தவன் வேற பட்டு கரை வேட்டி கட்டிக்கிட்டு சீர் தூக்கிட்டு வந்திருக்கான். எங்க பக்கத்துல ஒரு வருசத்துக்கு ஊட்டுல ஒரு நல்ல காரியம் கெடையாது. உங்க பக்கம் வேற மாதிரியா?"

உங்கள் பக்கம் எங்கள் பக்கம் என்று எதுவும் இல்லை. கதிர்காமத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் நடுவே சைக்கிளில் போகிற தூரம். ஒரே சனம், ஒரே வழக்கம். லியென் உண்மையிலேயே செத்திருந்தால் இந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு அது ஞாபகம் வந்திருக்கும். பொய்க்கு யார் தீட்டுக் காப்பது?

அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "அது... போன பொரட்டாசி இல்ல. அதுக்கும் முந்தின..."

"கப்பல் ஏர்றதுக்கு முன்னாடின்னு சொன்னீங்களே?"

"முன்னாடின்னா, ரொம்ப முன்னாடி."

மணியம்மாள் முருகையன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. கூடப் பொறந்தவ செத்தது உனக்குத் தெரியாம இருக்காது."

முருகையன் கோவிந்தசாமியைப் பார்த்தான். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார். முருகையனுக்கு வியர்த்தது. "இருக்குங்க... ஒரு ரெண்டு மூணு..." என்றான். அவன் நல்லவன். பொய் சொல்லத் தெரியாதவன் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மணியம்மாள் கையை நீட்டி ராஜாம்பாளைக் கூப்பிட்டாள். "இங்க வா கண்ணு. நீதான் பெரியவ. உங்கம்மா எப்போ செத்தா?"

ராஜாம்பாள் எழுந்து போனாள். கதவோரம் சந்திரகலா நிற்பது தெரிந்தது. உதட்டைக்கூட அசைக்கவில்லை. கெஞ்சியிருந்தால் ராஜாம்பாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரெண்டு வருஷம் ஆவுது, சொரம் வந்து. அவ்வளவுதான் சொல்லவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சொல்லவேண்டும். சொன்னால் அக்காவுக்குக் கல்யாணம். வைகாசியில் இந்த வாசலில் பந்தல். அதற்கு முன்போ பின்போ ஒரு நாள், கையில் மூட்டையோடு அம்மா வந்து அதே வாசலில் நிற்பாள். இது யார் என்று யாராவது கேட்பார்கள். வேலைக்காரம்மா என்று பெரியப்பா சொல்வார். அரி பாய்ந்து ஓடுவான். அவனைப் பிடித்து நிறுத்தவேண்டியவள் ராஜாம்பாள்தான்.

"எங்கம்மா சாவல" என்றாள்.

யார் கையிலோ இருந்த தாம்பாளம் தரையில் இடித்தது.

"அங்கதான் இருக்காங்க. ஹைஃபோங்குல. காரைக்கால் இல்ல. அந்த ஊருக்காரங்கதான். பேரு லியென். அடுத்த கப்பல்ல வரேன்னாங்க."

"அடிப்பாவி" என்றாள் அஞ்சலாட்சி. சத்தமே வரவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முருகையன், "நான் எழுந்துக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டான்.

சிரிக்கவேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை. மணியம்மாள் மெதுவாக எழுந்தாள். அந்த உடம்புக்கு எழுவதற்கு நேரம் பிடித்தது. எழுந்து, அஞ்சலாட்சியைப் பார்த்துச் சொன்னாள்:

"தாய் உசுரோட இருக்கான்னா காது குத்துறதுல தப்பில்ல. தப்பு இன்னான்னா, உசுரோட இருக்கறவள சாவடிச்சி வெச்சீங்க பாரு, அதுதான். நாளைக்கு என் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஒத்துவரலன்னா, அவனையும் இப்பிடித்தானே செய்வீங்க?"

அவள் போனதற்கு அதுதான் காரணமா, சைகோன்காரி என்பதுதான் காரணமா, யாருக்கும் தெரியாது. அவளுக்கேகூடத் தெரிந்திருக்காது. இலை போட்டிருந்தது, சாப்பிடவில்லை. வண்டி ஏறும்போது "சொல்லி அனுப்பறோம்" என்றாள். பெண் வைத்திருக்கும் வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு காது?" என்றார்.

கோவிந்தசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது அப்பிடியே இருக்கட்டும். மடி கெடைக்கும்போது குத்திக்கலாம்."

அரிகிருஷ்ணனுக்கு அழுகை அடங்கிவிட்டது. வலது காதில் கடுக்கனோடு அவன் கீழே விழுந்த வெல்லக் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ஆயிற்று. ஆக்கிய சோறு அண்டாவோடு இருந்தது. கோவிந்தசாமி சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். அஞ்சலாட்சி அடுப்படியில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

சந்திரகலா தலையிலிருந்த பூவை எடுத்து நாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கோவமாக்கா?"

"ஆமா."

"இன்னும் எத்தினி நாளிக்கி கோவம் இருக்கும்?"

"தெரியல. மொதல்ல முழுசா வரட்டும்." இன்னொரு பூவைப் பிய்த்துவிட்டு, "நீ சொல்லாம இருந்திருக்கலாம். ஒரு வார்த்தைதானே" என்றாள்.

"எங்கம்மா வந்தா வேலைக்காரின்னு சொல்லலாம்னாங்க."

சந்திரகலாவின் விரல் நின்றது. "யாரு?"

"பெரியப்பா."

சந்திரகலா மிச்சப் பூவை நாரோடு தரையில் வைத்துவிட்டாள். தன் அப்பாவைப் பற்றி ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று சில விஷயங்கள் உண்டு. அதில் ஒன்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோவிந்தசாமி திரும்பினார். சைக்கிள் சக்கரத்தில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கப்பல் பூரோவுல கேட்டேன். ஒண்ணு சிங்கப்பூர் தாண்டிடுச்சாம். நம்ம சனங்க கொஞ்சம் பேரு இருக்காங்களாம். யாரு யாருன்னு வந்து எறங்குனாத்தான் தெரியுமாம்."

அடுப்படியில் புடவை சரசரத்தது. அஞ்சலாட்சி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. ராஜாம்பாள் எழுந்து நின்றுகொண்டாள். அடி விழும் என்று நினைத்தாள்.

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்ட. இத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். கோவத்த ஒளிச்சி வெச்சிக்கிட்டு சிரிக்கவும் மாட்டேன். தெரிஞ்சிக்க."

"சரி பெரிம்மா."

அஞ்சலாட்சி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். வாயில் போடவில்லை.

"அவ வெத்தல போடுவாளா?"

"போடுவாங்க. பொயல இல்லாம."

"சோறு திம்பாளா, இல்ல வேற எதனாச்சியா?"

"சோறுதான். மீன் இருந்தா போதும்."

"வரட்டும்" என்றாள் அஞ்சலாட்சி. "வந்ததும் மொதல்ல கேக்கறேன், இப்பிடி ஒரு பொண்ண எப்பிடிடி பெத்தன்னு."

"எந்த பாஷையில கேப்ப?" என்றாள் சந்திரகலா, முகத்தைத் திருப்பாமலே.

"நான் கேக்கற கேள்விக்கு பாஷ வேணாம்."

அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள். ராஜாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலையிலிருந்து ஒரே பயம்தான் இருந்தது, அம்மா வந்தால் எங்கே நிற்பாள் என்று. அது போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்தது.

சந்திரகலா அக்காவின் கல்யாணத்தைக் கொடுத்து அம்மாவுக்கு ஒரு வாசலை வாங்கியாயிற்று. சிங்கப்பூர் தாண்டிய அந்தக் கப்பலில் அம்மா இல்லாவிட்டால்?